பிஸ்கால் கந்தோரும் குடிமக்களும்

மல்லாகத்து நீதிமன்றத்திலே ஒரு கடன் வழக்குத் தீர்ந்துவிட்டது எனக் கொள்க. நீதிபதி தீர்ப்பை வாசித்தார். பதிவாளர் அதனைப் பதிந்தார். வழக்குரைஞர் தத்தம் கட்டுக்களைக் கட்டிக்கொண்டு எழுந்தனர். வென்றவன் மகிழ்வோடு வீடு திரும்புகின்றான். ஆயினும் அவனுக்கு வரவேண்டிய பணம் நாலைந்து கட்டைக்கு அப்பால், பண்டத்தரிப்பிலே, தோற்றவனுடைய பெட்டகத்திலோ தோட்டக்காணியிலோ கிடக்கின்றது. நீதிபதியின் வாயிற் பிறந்த சொல் அவ்வளவு தூரமும் நடந்து சென்று, படலையைத் திறந்து, முற்றத்திலே நின்று பேசினாலன்றித் தீர்ப்பு வெறுங் கடதாசியே. அச்சொல்லைச் சுமந்து செல்லும் கால் எது? சொன்னபடி செய்யும் கை எது? அந்தக் காலையும் கையையுமே இந்நாட்டார் பிஸ்கால் என்னும் பெயரால் வழங்கி வந்தனர்.

வலிகாமத்து ஊர்களிலே அப்பெயருக்கு நன்மதிப்பு இருந்ததில்லை. "அந்த வீட்டுக்குப் பிஸ்கால் வந்து போனானாம்" என்று கிணற்றடியிற் பேசப்பட்டால் அக்குடும்பத்தின் மதிப்பு அன்றோடு ஒருபடி இறங்கிற்று. பெண் கேட்டு வரவிருந்தோர் சற்றே தயங்குவர். கடைக்காரர் கடன் கொப்பியை மூடுவர். பிஸ்கால் என்பவன் பறிக்க வருபவன் என்னும் எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் முழுதும் பிழையென்று கூறுதற்கில்லை. ஆயின், அவ்வுத்தியோகத்தின் கடமைகளை ஒழுங்காக ஆராய்வார்க்கு, பறித்தல் அதன் கடைசித் தொழில் என்பதும் அறிவித்தலே அதன் முதற்றொழில் என்பதும் புலனாகும். ஒருவன்மேல் வழக்குண்டென்பதை அவனுக்கு அறிவித்தல், அவன் காணி விலைப்படப் போகின்றது என்பதை அவனுக்கும் ஊருக்கும் அறிவித்தல், அறிவித்தபடியை மீண்டுவந்து மன்றுக்கு அறிவித்தல் என்னும் மூன்றும் செவ்வையாக நடந்தாலன்றி, அதன்பின் நிகழ்வது எதுவும் சட்டத்தின்முன் உறுதியாக நில்லாது.

வழக்காளிக்கும் எதிராளிக்கும் நடுவே அரசின் ஆளொருவர் நின்று அறிவிக்கும் இம்முறையின் அருமை, அஃது இல்லாத இடங்களை நோக்கும்போதே நன்கு விளங்கும். பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை எடுத்துக்கொள்ளலாம். புத்தூரிலே மணப்பந்தரில் அமர்ந்திருந்த நாவலூரரை, முதிய வேதியர் ஒருவர் ஆளோலை ஒன்றைக் காட்டித் தம் அடிமையென்று வழக்கிடுகின்றார். வழக்காளி தானே அழைப்பாணையைக் கொண்டுவருபவனாகவும் இருக்கின்றான். எதிராளி சினந்து, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படியோலையே, மூலவோலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்துக்காட்டப்படுகின்றது. பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கி அவையோர் தீர்ப்புக் கூறுகின்றனர். பத்தி நூலாகப் படிப்பார்க்கு அதன் பொருள் வேறு. வழக்கு நூலாகப் படிப்பார்க்கோ, உரிமை கோருவோனே ஓலையையும் நீட்டினால் கைகலப்பே முதல் விளைவாகும் என்பது அதிற் காணும் பாடம். மூலத்தைக் காப்பில் வைத்துப் படியை மாத்திரம் எதிராளியின் கையிற் கொடுக்கும் வழக்கம் இன்றைய மன்றங்களிலும் இருத்தல் கருதத்தக்கது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிநாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ மற்றொரு வழக்கத்தைக் குறித்து வைத்தார். கடன் கொடுத்தவன் பலமுறை கேட்டும் பெறாவிடின், கடனாளியைச் சுற்றி நிலத்திலே ஒரு வட்டம் கீறிவிடுவானாம். கடனைத் தீர்த்தாலன்றி அல்லது தக்க பிணை கொடுத்தாலன்றி அவ்வட்டத்தைத் தாண்டுதல் ஆகாது. தாண்டினவன் கொலைத் தண்டத்துக்கு உரியவன். அரசனே ஒரு வணிகனுக்குக் கடன்பட்டு, குதிரைமேல் இருந்தபடியே அவ்வாறு வட்டத்துள் அகப்பட்டு, கடனைத் தீர்த்தபின்னரே வெளிப்போந்தான் என்றும் அவர் எழுதுகின்றார். அரசனையும் கட்டிய அக்கோடு வியக்கத்தக்கதே. எனினும் கோடு கீறுபவன் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகின்றான். கடன் உண்டோ இல்லையோ என விசாரிப்பார் அங்கே யாருமிலர்.

விசாரியாது நிறைவேற்றுதலின் கொடுமைக்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பொற்கொல்லன் சொல்லை அரசன் நம்பினான், ஆணை பிறந்தது, காவலர் சென்றனர். கோவலனைக் கண்ட காவலர் இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்கினர் என்பதை அந்நூல் மறவாமற் கூறுகின்றது. தயங்கியோர் மீண்டு சென்று மன்னனுக்கு அறிவித்திருப்பின் மதுரை எரிந்திராது. ஆணையை நிறைவேற்றுவோன் தான் கண்டதை ஆணையிட்டவனுக்குத் திரும்ப அறிவிக்க வேண்டும் என்னும் கடமை அங்கே வகுக்கப்பட்டிருக்கவில்லை. கல்வியறிவற்ற ஒருவனுடைய வாள் அத்தயக்கத்தை முடித்து வைத்தது.

இனி, பெயரின் வரலாறு. பிஸ்கஸ் என்பது இலத்தீன் மொழியிலே முதலிற் கூடையையும், பின்னர்ப் பணப்பையையும், அதன்பின் அரசிறைக் கருவூலத்தையும் குறித்த சொல். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியார் தம் கோட்டைகளிலே கும்பினியின் வருவாயைக் காப்பவரும் குற்றவாளிகள்மேல் வழக்குத் தொடுப்பவருமான உத்தியோகத்தரைப் பிஸ்கால் என அழைத்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோடு இச்சொல்லும் இங்கு வந்தது. கந்தோர், நொத்தாரிசு, அப்புக்காத்து என்பனவும் அவ்வழி வந்தவையே. ஒல்லாந்தர் போய் நெடுங்காலமாகியும், யாழ்ப்பாணத்தார் வழக்குப் பேசத் தொடங்கினால் இன்றும் பாதி ஒல்லாந்தம் பேசுகின்றனர் என்பது வேடிக்கையே.

1795 இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பெற்றனர். 1797 இல் கொழும்பிலே பிஸ்கால் உத்தியோகம் ஏற்படுத்தப்பட்டு, மிலியஸ் என்பாரிடம் நகரக் காவலும் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே இலங்கைப் பொலிசின் வரலாறும் பிஸ்கால் கந்தோரிலேயே தொடங்குகின்றது. 1865 இன் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்பின் காவற்றொழில் தனித் திணைக்களமாக வளர்ந்தது. 1867 ஆம் ஆண்டு 4 ஆம் இலக்கப் பிஸ்கால் கட்டளைச் சட்டம் பிஸ்காலின் அதிகாரத்தை மன்றக் கட்டளைகளைச் சேர்ப்பித்தல், நிறைவேற்றுதல் என்னும் எல்லைக்குள் ஒழுங்குபடுத்தியது. மாகாணங்களில் அரசாங்க ஏசண்டரே நெடுங்காலம் பிஸ்காலாகவும் இருந்தனர். 1869 முதல் 1896 வரை வடமாகாண ஏசண்டராயிருந்த துவைனந் துரையின் காலத்திலே, வரி கேட்கும் கச்சேரியும் கடனுக்குக் காணியை விற்கும் கந்தோரும் குடிமகன் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றியிருத்தல் வேண்டும். பிஸ்கால் என்றால் பறிப்பவன் என்னும் எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பெயர் ஒல்லாந்தரதாயினும் தொழில் ஆங்கிலேயரின் செரிபு என்பாரது தொழிலே. ஆங்கில நாட்டிலே மாவட்டத்துக்கு அரசனால் நியமிக்கப்பட்ட காரியகாரரே செரிபு. ரொபின் ஹூட் கதையைப் படித்த மாணவர் நொட்டிங்காம் செரிபை நன்கறிவர். கதைகளில் அவர் பறிப்பவராகவே வருதல் நம்மூர்ப் பிஸ்காலுக்கு ஓர் ஆறுதல். 1215 இன் மகா சாசனம், கடனாளியின் அசையும் பொருள் கடனுக்குப் போதுமாயிருக்க அவன் நிலத்தைப் பற்றலாகாது என விதித்தது. 1604 இல் செமேயின் வழக்கிலே, ஒரு குடிமகன் தொடுத்த வழக்கின்பொருட்டு மற்றொரு குடிமகனுடைய வீட்டுக் கதவைச் செரிபு உடைத்தல் ஆகாது என்று தீர்ந்தது; ஒவ்வொருவனுடைய வீடும் அவனுக்குக் கோட்டை என்னும் கொள்கை அவ்வழக்கினின்றே உலகெங்கும் பரந்தது. நிறைவேற்றுவோனுக்கு எல்லை வகுத்தலே இச்சட்டங்களின் நோக்கம். இக்காலத்தே இங்கிலாந்தில் அப்பதவி பெரும்பாலும் அணிகலமாகிவிட்டது. சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் முன்னர்ப் பெரும் பிரமுகர்க்கு அளிக்கப்பட்ட செரிபுப் பட்டமும் அத்தகையதே. தமிழ்நாட்டிலே மெய்யான வேலையைச் செய்பவர் நீதிமன்ற அமீனா. ஐக்கிய அமெரிக்காவிலோ ஏறக்குறைய 3,000 கவுண்டிகளில் செரிபு இன்றும் பெரும்பாலும் மக்களால் தெரிவுசெய்யப்படுகின்றார். சிறைகாத்தல், மன்றக் காவல், அழைப்பாணை சேர்த்தல், குடியெழுப்புதல், ஏலம் விடுதல் என்பவற்றோடு, விரற்குறி எடுத்துக் கொடுத்தல், வெளியூர் சென்றோரின் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ளல் முதலிய சிறு உதவிகளையும் பல இடங்களில் அவர் கந்தோர் செய்கின்றது. இங்கு இவை பொலிஸ் நிலையம், கிராம அலுவலர், நீதிமன்றம் என மூவரிடம் பிரிந்து கிடக்கின்றன.

கந்தோர் யாழ்ப்பாணத்தில் இருந்தது, ஊரோ பண்டத்தரிப்பு. காணியின் எல்லையும் ஆளின் முகமும் அறியாத சேவகர் ஒருவர் ஊருக்குட் புகுந்து யாதும் செய்தல் இயலாது. அவருக்குக் கண்ணாயிருந்தவர் உடையாரும் விதானையாருமே. மணியகாரரின் கீழ் உடையாரும், அவர் கீழ் ஊர் விதானையாரும் என அமைந்த அவ்வொழுங்கிலே, "இவரே குறித்த ஆள், இதுவே குறித்த வளவு" என்று அடையாளம் காட்டுவது ஊர்த்தலைவரின் கடமை. அடையாளம் காட்டுகின்றவனிடம் எவ்வளவு அதிகாரம் தங்கும் என்பது கூறாமலே விளங்கும். விதானையாருக்கு வேண்டியவர் பலமுறையும் "ஊரில் இல்லை". வேண்டாதவர் முதல் நாளிலேயே அகப்பட்டுவிடுவர்.

காணி விற்பனையை ஊரறியச் செய்யும் வழக்கமோ இதனினும் பழையது. 1706, 1707 ஆம் ஆண்டுகளிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, பன்னிரு தமிழ் முதலிமார் பார்வையிட்டு ஒப்பிய தேசவழமை, காணியை விற்பவன் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் அயற்காணிக்காரர்க்கும் முன்னறிவித்தல் வேண்டும் என்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சியிலே அவ்வறிவித்தல் கோவிற்பற்றுத் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்கப்படலாயிற்று. பண்டத்தரிப்பும் அத்தகைய தேவாலயம் அமைந்த கோவிற்பற்றுக்களுள் ஒன்று. 1672 இல் வெளிவந்த பால்தேயுவின் நூலில் அது பேசப்படுகின்றது. சைவ நெறியை உள்ளத்திற் பேணிய குடிகளும் தம் அயல்வளவு விலைப்படுகின்றதா என்றறிய ஞாயிறுதோறும் தேவாலயத்து வாசலிற் செவிகொடுத்து நின்றிருப்பர் என எண்ணுதல் தவறாகாது. 1806 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமையை ஆங்கிலேயர் உறுதிசெய்தனர்.

தேவாலயத்துக்குப் பின் பறை வந்தது. 1889 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கக் குடியியல் நடைமுறைக் கோவை, பற்றிய காணியிலோ அதன் அயலிலோ பறையறைந்து பற்றுதலை விளம்பல் வேண்டும் என விதித்தது. மணிமேகலையிலே வச்சிரக் கோட்டத்து முரசை யானைமேல் ஏற்றி இந்திரவிழாவை அறிவித்த மரபுக்கும், பனங்காணி வேலியோரத்திலே பிஸ்கால் சேவகர் அருகில் நிற்க ஒருவர் பறை முழக்கியதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. ஆயினும் எழுத்தறியாதவன் செவிக்கும் அரசின் சொல் எட்டுதல் வேண்டும் என்னும் கருத்து ஒன்றே. இங்கே மறைக்கலாகாத செய்தி ஒன்றும் உண்டு. அப்பறையை முழக்கியவர் ஊரின் ஓரத்தே ஒதுக்கப்பட்ட குடிகள். பிறர் உரிமையைக் காக்கும் அறிவித்தலைத் தம் தோளிற் சுமந்தவர்க்குப் பொதுக்கிணறும் கோயில் வாயிலும் மூடப்பட்டிருந்தன. அத்தகைய தடைகளைத் தண்டத்துக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே வந்தது.

அழைப்பாணை சேர்க்கும் முறையை இனிச் சற்று விரித்து நோக்குதல் தகும். ஊரார் பெரிதும் பிழைபட விளங்கிக்கொண்டது இதனையே. அழைப்பாணை என்பது, "உம்மீது இன்ன வழக்கு உண்டு, இன்ன தவணையில் வந்து மறுமொழி கூறுக" என்னும் செய்தி. அதனை வாங்குதல் கடனை ஒப்புக்கொள்ளுதலன்று. எனினும், "கையில் வாங்கினால் குற்றத்தை ஒப்பினதாகும்" என்னும் நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. சேவகரின் சைக்கிள் மணி ஒழுங்கையிற் கேட்டவுடன் ஆடவர் பின்வேலிக் கடப்பால் வெளியேறுவதும், பெண்கள் "அவர் வன்னிக்குப் போய்விட்டார்" என்று கூறுவதும் ஒருகாலத்தில் வழக்கமாயிருந்தன. இதனால் வந்த பயன் யாது? நேரிற் கொடுக்க இயலாதென்று மன்று திருப்திப்பட்டால், வீட்டின் கண்ணிற்படும் இடத்தில் ஒட்டுதல் முதலிய மாற்று முறைக்குக் கட்டளை பிறக்கும். ஒட்டியது கொடுத்ததற்குச் சமம். தவணையன்று எதிராளி தோன்றாவிடின் வழக்காளியின் சான்று மாத்திரம் கேட்கப்பட்டு ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படும். ஒளிந்தவன் இழப்பது தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பையே. அவன் கடனிற் பாதியைக் கட்டியதற்கு வைத்திருந்த பற்றுச்சீட்டு பெட்டகத்திலேயே மடிந்து கிடக்கும்.

ஆயினும் சட்டம் இரண்டாவது கதவொன்றையும் திறந்து வைத்துள்ளது. ஒருதலைத் தீர்ப்பாணை எதிராளிக்குச் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் அவன் மன்றுக்கு விண்ணப்பித்து, தான் தோன்றாமைக்குத் தக்க காரணம் காட்டினால், தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் விசாரிக்கப்படும். அழைப்பாணை தன் கைக்கு வரவேயில்லை என்பதும் அத்தகைய காரணமே. அப்போது சாட்சிக்கூட்டில் ஏறுபவர் பிஸ்கால் உத்தியோகத்தர். எந்நாள், எந்நேரம், எந்த வீடு, யார் அடையாளம் காட்டினார், கொடுக்கப்பட்டவர் யாது கூறினார் என்னும் வினாக்களுக்கு அவர் விடையிறுத்தல் வேண்டும். மரநிழலிற் சைக்கிளை நிறுத்தி, செல்லாத வீட்டுக்குச் சென்றதாக அறிக்கை எழுதும் ஒருவரும், வெயிலிலே மூன்றுமுறை நடந்து ஆளைத் தேடிக் கண்ட ஒருவரும் எழுதும் வாசகம் ஒன்றாகவே இருக்கலாம். குறுக்கு விசாரணையிலேதான் வேற்றுமை வெளிப்படும். பல ஆண்டு நடந்த வழக்கு இவ்வொரு துண்டறிக்கையின் பொய்யால் தொடக்கத்துக்கே திரும்புதல் உண்டு. ஆதலின் இக்கந்தோரின் தாழ்ந்த படியிலுள்ள சேவகரின் நேர்மையே மன்றத்தின் உயர்ந்த படியைத் தாங்குகின்றது எனலாம்.

தீர்ப்பின்பின் வருவது நிறைவேற்றுக் கட்டளை. அப்போதும் பிஸ்கால் வாசலில் வந்தவுடன் பொருளைத் தூக்குதல் ஆகாது; கடனாளி வீட்டிலிருந்தால் முதலில் அவனிடம் பணத்தைக் கேட்டல் வேண்டும். பற்றத்தக்கவை எவை, பற்றத்தகாதவை எவை என்பதைக் கோவையின் 218 ஆம் பிரிவு வரையறுக்கின்றது. உடுக்கும் உடை, படுக்கும் பாய் படுக்கை, தொழிற்கருவி என்பன தப்பும். கமக்காரனாயின் அவன் சீவனத்துக்கு வேண்டிய கலப்பை முதலிய கருவிகளும் உழவுமாடும் விதைநெல்லும் தப்பும். கடனைத் தீர்ப்பதற்காகக் கடனாளியின் நாளைய உழைப்பை அழித்துவிடலாகாது என்பது இதன் கருத்து. தச்சனுடைய உளியையும் கமக்காரனுடைய மாட்டையும் மிரட்டிப் பிடித்துச்செல்ல முயன்றவர்க்கு எதிரே, இப்பிரிவை அறிந்த ஊர் ஆசிரியர் ஒருவர் நின்றாலே போதுமாயிருந்தது. அறியாத ஊர்களிலே மாடு போயிற்று.

காணியாயின் பகிரங்க ஏலம். ஏலத்தில் எடுத்தவன் விலையில் நூற்றுக்கு 25 வீதத்தை அவ்விடத்திலேயே கட்டுதல் வேண்டும். கட்டாவிடின் அப்பொழுதே மறுபடியும் கூறப்படும். மிகுதியை 30 நாளுக்குள் செலுத்தல் வேண்டும். ஏலம் விழுந்தவுடன் காணி கைமாறிவிடுவதில்லை. அறிவித்தலிலோ நடத்தியதிலோ பெருங்குறை இருந்து, அதனால் தனக்குப் பெருநட்டம் நேர்ந்தது என்று கடனாளி மன்றில் முறையிடலாம். முறைப்பாடு இன்றேல் மன்று விற்பனையை உறுதிப்படுத்தும். அதன்பின்னரே பிஸ்கால் உறுதி எழுதப்படும். யாழ்ப்பாணத்தார் காணியைச் சீதனம் என்றும் முதுசொம் என்றும் தேடியதேட்டம் என்றும் பிரித்துப் பார்ப்பவர். பிஸ்கால் உறுதியாற் பெற்ற காணியை மாத்திரம் எவ்வகையிலும் சேர்க்க மனமின்றி, "ஏலத்திலே எடுத்தது" என்று குரலைத் தாழ்த்திக் கூறுவர். அந்நாணம் சிலவேளை கடனாளிக்கே தீமை செய்தது. நல்லவர் ஏலத்துக்கு வராமல் ஒதுங்க, ஒப்பந்தம் பேசிக்கொண்ட இருவர் மூவர் மாத்திரம் வேலியோரத்தில் நின்று அடிவிலைக்கு எடுத்தனர். ஊர் முழுதும் பறைக்குச் செவிகொடுத்து வந்து கேட்டிருந்தால் விலை ஏறிக் கடன் தீர்ந்து மிச்சமும் கிடைத்திருக்கும். அறிவித்தலின் பயன் கடன் கொடுத்தவனிலும் கடனாளிக்கே மிகுதி.

வேறு கடமைகளும் முற்காலத்தில் இருந்தன. உயர்நீதிமன்றம் சுற்றில் வரும்போது அமரும் யூரர்களின் பட்டியலை ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மொழிவாரியாகத் தயாரித்தவர் பிஸ்காலே. மரணதண்டனைக் கட்டளையை நிறைவேற்றும் பொறுப்பும் அவருடையது. 1976 இன் பின் இந்நாட்டிலே அத்தண்டனை நிறைவேற்றப்பட்டதில்லை.

ஊர்த்தலைவர் முறை 1963 இல் நீக்கப்பட்டு, கிராமசேவகர் பதவி அவ்விடத்தைப் பெற்றது. அவரே பின்னர்க் கிராம அலுவலர் எனப்பட்டார். நீதி நிருவாகம் 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தாலும், 1978 இன் நீதித்துறைச் சட்டத்தாலும் மாற்றியமைக்கப்பட்டது. இன்று மாகாணத்துக்கொரு பெரிய பிஸ்கால் இல்லை. அப்பெயருடைய உத்தியோகத்தர் நீதிமன்றங்களோடு இணைந்து கடமையாற்றுகின்றனர். அழைப்பாணையும் முதலிற் பதிவுத் தபாலிலேயே அனுப்பப்படுகின்றது. அது பயன்படாவிடத்தே பிஸ்கால் வழியாகவோ எதிராளி வசிக்கும் பிரிவின் கிராம அலுவலர் வழியாகவோ நேரிற் சேர்க்கப்படுகின்றது. சிறு பிணக்குகளை மன்றுக்கு முன்னே தீர்க்க 1958 இல் இணக்கசபைகளும், அவை நீங்கியபின் 1988 ஆம் ஆண்டு 72 ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகளும் ஏற்பட்டன. மறுபுறத்தே, 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு மன்றத் தீர்ப்பின்றியே ஈட்டுக் காணியை ஏலமிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. அங்கே வாசலுக்கு வருபவர் பிஸ்கால் அல்லர். வங்கி அமர்த்திய ஏலக்காரர். பொருளாதார நெருக்கடியின்பின் 2024 இல் அவ்வதிகாரத்தைச் சட்டமியற்றிச் சிலகாலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. பழைய பிஸ்காலைப் பழித்தவர் கடன் கொடுத்தவனுக்கும் கடனாளிக்கும் நடுவே நிற்கும் மூன்றாமவர் ஒருவரின் அருமையை அப்போது சற்றே உணர்ந்திருத்தல் கூடும்.

இக்காலத்தில் இக்கந்தோரின் கடமைக்கு வந்துள்ள பெருஞ்சோதனை ஆளில்லா வீடு. பண்டத்தரிப்பிலே ஆறு பங்காளர்க்கு உரிய பிரிபடாத வளவு ஒன்று எனக் கொள்க. ஒருவர் ஊரில், ஒருவர் கொழும்பில், மூவர் கடல்கடந்து கனடாவிலும் பிரான்சிலும், ஒருவர் எங்கிருக்கின்றார் என்பதை மற்றையோரே அறியார். 1995 ஒற்றோபர் 30 இரவு வலிகாமம் வெறுமையாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் போனோர் பலர் மீளவில்லை. உறுதிகள் சில அவ்வழியிலேயே தொலைந்தன. இப்போது ஊரிலிருப்பவர், 1977 ஆம் ஆண்டு 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி வளவைப் பங்கிட வழக்குத் தொடுக்கின்றார். பிரிவினைத் தீர்ப்பு உலகத்தார் எல்லார்மேலும் செல்லுந் தன்மையது. வழக்கை அறியாதவன் பங்கும் அதனால் அழிந்துபோகலாம். ஆதலினாலேயே அச்சட்டம் காணியில் அறிவித்தல் நாட்டப்படவும், நில அளவையாளர் அளக்கத் தொடங்கும்போது அவ்விடத்திலே ஊரறிய விளம்பவும் விதித்தது. 1863 இன் பழைய பிரிவினைச் சட்டக் காலத்திலே இவ்விதிகளின் பயன் தெளிவு; வேலிக்கு வேலி உறவினர் இருந்தனர், ஒருவர் செவியிற் பட்டது மாலைக்குள் எல்லார் செவிக்கும் எட்டிற்று. இன்றோ அறிவித்தல் வடலிகள் மண்டிய வளவிலே, கூரையிழந்த வீட்டின் தூணிலே, படிப்பாரின்றித் தொங்குகின்றது. சட்டப்படி யாவும் சரி, அறிந்தவர்தாம் இலர்.

போர்க்காலத்தில் மன்றுக்கு வர இயலாதிருந்தோரின் நிலையைச் சட்டமே ஒருமுறை ஒப்புக்கொண்டது. பத்தாண்டு எதிர்ப்பின்றி ஆண்டவனுக்கு ஆட்சியுரிமை அளிக்கும் 1871 இன் காலாவதிச் சட்டத்துக்கு விலக்காக, 2016 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம், போராளர் நடவடிக்கைகளாற் பாதிக்கப்பட்டுத் தம் உரிமையைக் கோர இயலாது போனோர் திறத்தில், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிற் கொள்ளாது விட இடமளித்தது. அஃது ஆட்சியுரிமைக்கு மாத்திரம் உரிய சலுகை. தூணில் ஒட்டிய அறிவித்தலுக்கு அது மருந்தன்று.

இவ்விடத்திலே கிராம அலுவலரும் அயலவரும் செய்யக்கூடியது சிறிதாயினும் பயனுடையது. வெளிநாடு சென்ற பங்காளரின் முகவரியை வழக்காளி மறைத்து, "இருப்பிடம் தெரியாது" என்று சத்தியக்கடதாசி முடித்திருக்கலாம். அயலவர் அம்முகவரியை அறிந்திருப்பர். பூட்டிய வீட்டின்முன் வந்து நிற்கும் உத்தியோகத்தர் அயல்வீட்டில் வினாவி, தாம் கேட்டறிந்ததைத் தம் அறிக்கையிலே ஒரு வரியாக எழுதினால், மன்று அம்முகவரிக்கு அழைப்பாணை அனுப்பக் கட்டளையிடக்கூடும். "வீடு பூட்டியிருந்தது, ஒட்டப்பட்டது" என்று முடியும் அறிக்கையும் விதிக்கு ஏற்றதே. "வீடு பூட்டியிருந்தது, உடையவர் குடும்பத்தோடு ரொறன்ரோவில் இருப்பதாகவும், அவர் தமக்கையார் சங்கானையில் வசிப்பதாகவும் அயலவர் கூறினர், பின்னர் ஒட்டப்பட்டது" என்று எழுதும் உத்தியோகத்தர் அதே சைக்கிளில் அதே வெயிலிற் சென்று வந்தவர்தாம், தமக்கையார் வீட்டுப் படலையைச் சங்கானையில் தட்டுதற்கு மன்றுக்கு வழி கிடைப்பது அவ்வறிக்கையிலேயே.